ஹரால்ட் வாஷிங்டன்: கட்சி அமைப்பில் வளர்ந்து அதையே எதிர்த்து நின்ற சிகாகோ மேயர்

சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சிகாகோ மேயரின் அதிகாரம் அப்படியொன்றும் பெரிதில்லை. பட்ஜெட்டை நிறைவேற்றுவதும், நிலைக்குழுக்களை அமைப்பதும், மேயர் முன்மொழியும் நியமனங்களை ஏற்பதும் தள்ளுவதும் ஐம்பது வார்டு உறுப்பினர்களைக் கொண்ட நகர மன்றத்தின் கையில் இருக்கின்றன. ஆனாலும் 1955 முதல் 1976 டிசம்பரில் இறக்கும் வரை மேயராக இருந்த ரிச்சர்ட் ஜே. டேலியின் சொல்லுக்கு அந்த மன்றத்தில் மறுசொல் எழுந்தது அபூர்வம். அவர் மேயராக இருந்தபோதே குக் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் தலைவராகவும் இருந்தார் என்பதே அதற்குக் காரணம். யார் எந்த வார்டில் நிற்பது, எந்த வார்டுக்கு எத்தனை நகராட்சி வேலைகள் போவது, ஒப்பந்தங்கள் யாருக்குக் கிடைப்பது என்று எல்லாவற்றையும் கட்சி அலுவலகமே முடிவு செய்தது. குப்பை அள்ளும் வேலை முதல் அலுவலக எழுத்தர் வேலை வரை ஆயிரக்கணக்கான பணியிடங்கள் கட்சிக்கு வாக்குச் சேர்த்துத் தருபவர்களுக்கே போயின. சட்டம் தராத வலிமையைக் கட்சி தந்தது.

அந்தக் கட்சியைத் தோற்கடித்து வந்த ஒருவர் மேயரானால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1983 வரை சிகாகோவில் விடை இருக்கவில்லை. நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டனின் வாழ்க்கையே அதற்கான விடையாக அமைந்தது. அவரை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் அந்த 'முதல்' என்ற பெருமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பெரிய பெருமைதான். ஆனால் கட்சியின் பலம் இல்லாமல், மன்றத்தில் பெரும்பான்மையும் இல்லாமல், வெறும் சட்டத்தையும் ஆணைகளையும் நீதிமன்றத்தையும் கொண்டு ஒரு பெருநகரத்தை அவர் எப்படி ஆண்டார் என்பது அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கது.

வாஷிங்டன் 1922 ஏப்ரல் 15 அன்று சிகாகோவில் பிறந்தார். தென் மாநிலங்களின் பருத்தி வயல்களையும் அங்கிருந்த இனஒதுக்கல் சட்டங்களையும் விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கத்திய தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அப்படி வந்தவர்களுக்குச் சிகாகோவில் பெரும்பாலும் தெற்குப் பகுதியில் மட்டுமே வீடு கிடைத்தது. அந்தப் பகுதியில்தான் அவர் வளர்ந்தார். தந்தை ராய் வாஷிங்டன் வழக்கறிஞர், மெதடிஸ்ட் சபைப் போதகர், அத்துடன் மூன்றாவது வார்டில் ஜனநாயகக் கட்சியின் வட்டப் பொறுப்பாளர். சிகாகோவில் ஒவ்வொரு வார்டும் பல வாக்குச்சாவடி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தன் வட்டத்தில் யார் வீட்டில் குழாய் உடைந்திருக்கிறது, யாருக்கு வேலை இல்லை, யார் இன்னும் வாக்களிக்க வரவில்லை என்று வீடு வீடாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் வட்டப் பொறுப்பாளரின் வேலை. பெற்றோர் பிரிந்த பின் தந்தையிடமே வளர்ந்த ஹரால்டுக்கு அரசியல் என்பது மேடைப்பேச்சாக அறிமுகமாவதற்கு முன்பே, கதவைத் தட்டிக் கணக்கெடுக்கும் வேலையாக அறிமுகமாகிவிட்டது. அந்த அறிமுகம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது.

டுசாபிள் உயர்நிலைப் பள்ளியில் தடையோட்ட வீரராக இருந்த அவர் படிப்பை முடிக்காமலேயே வெளியேறினார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு நடத்திய இளைஞர் வேலைத் திட்டத்தில் சேர்ந்து மரம் நட்டார். இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பொறியாளர் படையில் பசிபிக் தீவுகளில் விமான ஓடுபாதைகள் அமைத்தார். போர் முடிந்து திரும்பியதும் ரூஸ்வெல்ட் கல்லூரியில் சேர்ந்தார். இன அடிப்படையில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க மறுத்து வெளியேறிய ஆசிரியர்கள் 1945 இல் தொடங்கிய கல்லூரி அது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் யூதரும் ஒரே வகுப்பில் அமர்ந்த அங்கே அவர் மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1952 இல் பட்டம் பெற்றபோது, அந்த வகுப்பில் இருந்த ஒரே கறுப்பின மாணவர் அவர்தான்.

1953 இல் தந்தை இறந்ததும் அவருடைய வட்டப் பொறுப்பு மகனிடம் வந்தது. வார்டின் தலைவராக இருந்தவர் ரால்ஃப் மெட்கால்ஃப். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் வென்ற அதே மெட்கால்ஃப். அவருடைய வார்டு அமைப்பில் இளைஞர் பிரிவைக் கட்டியெழுப்பும் பணி வாஷிங்டனுக்குத் தரப்பட்டது. கட்சியின் விருப்பத்துடனேயே அவர் 1964 இல் இல்லினாய் மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1965 முதல் 1976 வரை அங்கே இருந்தார். எதிர்த்து வாக்களிக்கக் கூடாத இடங்களில் எதிர்த்து வாக்களிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. போலீஸ் அத்துமீறலை விசாரிக்கத் தனிக்குழு வேண்டும் என்று கேட்டார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை மாநில விடுமுறையாக்கும் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1973 இல் இல்லினாய் அந்தச் சட்டத்தை நிறைவேற்றி அமெரிக்காவுக்கே முன்னோடியானது.

அவரது வாழ்க்கையில் மறைக்க முடியாத ஒரு கறையும் இதே காலத்தைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாததற்காக 1972 இல் தண்டிக்கப்பட்டு ஒரு மாதத்துக்கும் சற்று அதிகமாகச் சிறையில் இருந்தார். வழக்கை ஒப்படைத்தவர்களிடம் பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாமல் விட்டதாக எழுந்த புகார்களால் வழக்கறிஞர் உரிமமும் இடைநிறுத்தப்பட்டது. தொகை சிறியதுதான் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வது உண்மையே. ஆனாலும் தன் சொந்தக் காரியங்களில் அவருக்கிருந்த அலட்சியம் கடைசிவரை தொடர்ந்தது. இறுதியில் உடல்நலத்திலும் அது வெளிப்பட்டது.

சிகாகோவின் கறுப்பின வாக்குகள் கட்சியின் கையை விட்டு நழுவியது ஒரே நாளில் நடந்ததன்று. 1969 டிசம்பர் 4 விடியற்காலையில், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தின் இளம் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனைக் காவல்துறையினர் அவர் குடியிருப்புக்குள் புகுந்து சுட்டுக் கொன்றனர். அந்தச் சோதனைக்குப் பொறுப்பான அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹன்ரஹனை 1972 தேர்தலில் கறுப்பின வாக்காளர்கள் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்துத் தோற்கடித்தனர். அதே ஆண்டில் போலீஸ் கொடுமையைக் கண்டித்து மெட்கால்ஃபும் டேலியுடன் முறித்துக்கொண்டார். டேலிக்குப் பின் மேயரான மைக்கேல் பிலாண்டிக்கை 1979 ஜனவரியின் பெரும்பனி வீழ்த்தியது. தெருக்களிலிருந்து பனி அகற்றப்படாமல் நகரமே முடங்கியபோது, புறநகர்ப் பயணிகளை விரைவாகக் கொண்டு சேர்ப்பதற்காக மேம்பால ரயில்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் கடந்து சென்றன. உறைபனியில் நடைமேடையில் காத்திருந்தவர்கள் அடுத்த மாதமே வாக்குச்சாவடிக்குப் போய் ஜேன் பர்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சிகாகோவின் முதல் பெண் மேயரான அவரோ, பெரும்பாலும் கறுப்பினத்தவர் குடியிருந்த அரசுக் குடியிருப்புகளின் வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களை நீக்கிவிட்டு வெள்ளையரை நியமித்தார். இந்த அவமானம் மக்கள் மனதில் தங்கிவிட்டது.

வாஷிங்டன் இதற்கு முன்பே ஒருமுறை மேயர் பதவிக்கு முயன்றிருந்தார். டேலி இறந்தபின் 1977 இல் நடந்த சிறப்புத் தேர்தலின் உட்கட்சிப் போட்டியில் நின்று சுமார் 11 சதவீத வாக்குகளே பெற்றார். 1980 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1982 இல் வாக்குரிமைச் சட்டத்தை நீட்டிப்பதில் முக்கியப் பங்காற்றி, வாஷிங்டன் நகரில் நிறைவாகவே இருந்தார். மீண்டும் மேயர் தேர்தலில் நிற்கச் சொல்லி வந்தவர்களிடம் அவர் போட்ட நிபந்தனை வட்டப் பொறுப்பாளரின் கணக்கு மனத்தை அப்படியே காட்டுகிறது: முதலில் ஐம்பதாயிரம் புதிய வாக்காளர்களைப் பதிவு செய்யுங்கள், பிறகு பேசலாம். தேவாலயங்களிலும், நலஉதவி வழங்கும் அலுவலகங்களின் வாசல்களிலும், வேலையில்லாதோர் வரிசைகளிலும் தன்னார்வலர்கள் படிவங்களுடன் நின்றார்கள். பதிவானவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்குமேல் மறுக்க அவரிடம் காரணம் இருக்கவில்லை.

சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகிவிட்டாலே மேயரானது போலத்தான். 1931 க்குப் பிறகு குடியரசுக் கட்சியினர் யாரும் அங்கே மேயராக இருந்ததில்லை. ஆகவே உண்மையான போட்டி 1983 பிப்ரவரி 22 அன்று நடந்த உட்கட்சித் தேர்தல் என்றே எல்லோரும் எண்ணினர். பர்னும், மறைந்த மேயரின் மகன் ரிச்சர்ட் எம். டேலியும் வெள்ளையர் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, தொலைக்காட்சி விவாதங்களில் இருவரையும் விடத் தெளிவாகப் பேசிய வாஷிங்டன் சுமார் 36 சதவீத வாக்குகளுடன் வென்றார்.

அதன்பின் நடந்ததுதான் சிகாகோவின் வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கம். தங்கள் கட்சியின் வேட்பாளர் கறுப்பினத்தவர் என்றதும் ஜனநாயகக் கட்சியின் வார்டுத் தலைவர்கள் பலர் குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன் பக்கம் சாய்ந்தனர். எப்டன் மிதவாதி, இனவெறிக்கு எதிராகப் பேசியவர் என்ற பெயரும் பெற்றிருந்தவர். ஆனால் 'காலம் கடந்துவிடும் முன்' என்ற முழக்கத்துடன் அவருக்காக விளம்பரம் செய்யப்பட்டது. எதற்கு முன் என்பது கேட்டவர் எல்லோருக்கும் புரிந்தது. மார்ச் 27, குருத்து ஞாயிறன்று, முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் வால்டர் மாண்டேலுடன் வடமேற்குப் பகுதியின் புனித பாஸ்கல் தேவாலயத்துக்குச் சென்ற வாஷிங்டனை ஒரு கூட்டம் கூச்சலிட்டு விரட்டியது. தேவாலயக் கதவிலேயே வசை எழுதப்பட்டிருந்தது. அந்தக் காட்சி நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, ஏரிக்கரையோரப் பகுதிகளில் தயங்கிக்கொண்டிருந்த வெள்ளை வாக்காளர்களில் ஒரு பகுதியினரை அவர் பக்கம் திருப்பியது. ஏப்ரல் 12 அன்று பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாக்களித்தனர். வாஷிங்டன் ஏறத்தாழ 52 சதவீத வாக்குகளுடன், சுமார் 48,000 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். கறுப்பின வாக்குகள் ஏறக்குறைய முழுமையாகவும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வாக்குகளில் பெரும்பங்கும், வெள்ளையர் வாக்குகளில் ஒரு சிறுபங்கும் சேர்ந்த கூட்டணி அது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வென்றிருக்க முடியாது.

மே 2 அன்று புதிய நகர மன்றம் கூடியது. பத்தாவது வார்டு உறுப்பினரும் அப்போது கட்சித் தலைவருமான எட்வர்ட் வ்ர்டோலியாக், பதினான்காவது வார்டின் எட்வர்ட் பர்க் ஆகிய இருவரின் தலைமையில் 29 உறுப்பினர்கள் முன்கூட்டியே ஒன்றுபட்டிருந்தனர். மேயர் பக்கம் 21 பேர். தம் கணக்கு தோற்கும் என்று தெரிந்ததும் வாஷிங்டன் கூட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டு வெளியேறினார். அவர் போனதும் வ்ர்டோலியாக் தலைமை இருக்கைக்கு வந்து கூட்டத்தைத் தொடர்ந்தார். நிலைக்குழுக்களின் எண்ணிக்கை 20 இலிருந்து 29 ஆக உயர்த்தப்பட்டு, தலைமைப் பொறுப்புகள் அந்த அணிக்கே போயின. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றபோதும் மன்றத்தின் செயல் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. கூட்டத்தை விட்டு வெளியேறியது அவரது பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். பதினாறு ஆண்டுகள் சட்டமன்ற நடைமுறைகளில் ஊறியவர் விதிமுறைப் போரில் முதல் நாளே களத்தை விட்டு அகன்றது வியப்பளிக்கிறது.

இப்படித் தொடங்கிய மோதல் மூன்று ஆண்டுகள் நீடித்தது. மேயர் அனுப்பிய நியமனங்கள் டஜன் கணக்கில் குழுக்களில் கிடப்பில் போடப்பட்டன. மன்றம் அனுப்பிய தீர்மானங்களை மேயர் தம் மறுப்பதிகாரத்தால் திருப்பியனுப்பினார். அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்ய 34 வாக்குகள் வேண்டும். 29 பேரால் அது இயலாது. இரு தரப்பாலும் எதையும் தடுக்க முடிந்தது, எந்தத் தரப்பாலும் எதையும் எளிதாகச் செய்ய முடியவில்லை. டேலி காலத்தில் கட்சியின் பலத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்த சட்டத்தின் எழுத்து முதல்முறையாக உயிர்பெற்று வெளியே வந்தது இந்த மூன்று ஆண்டுகளில்தான். வாஷிங்டனுக்கு வாய்த்த மேயர் பதவி, டேலியின் பதவியின் பெயரை மட்டுமே கொண்டிருந்தது.

மன்றத்தின் அனுமதி தேவைப்படாத வழிகளை அவர் தேடிப் பிடித்தார். கட்சி விசுவாசத்தைப் பார்த்து நகராட்சி வேலை தருவதையும் பறிப்பதையும் எதிர்த்து மைக்கேல் ஷாக்மன் என்ற வழக்கறிஞர் 1969 முதல் நடத்திவந்த வழக்கில், முந்தைய நிர்வாகங்கள் எதிர்த்து நின்ற நீதிமன்ற உடன்பாட்டை வாஷிங்டன் 1983 இல் ஏற்றுக் கையெழுத்திட்டார். தம் ஆதரவாளர்களுக்கு அள்ளி வழங்கியிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான வேலைகளை இதன்மூலம் அவரே தம் கையிலிருந்து எடுத்துப் போட்டார். தம்மோடு நின்ற சில கறுப்பினத் தலைவர்களே இதைக் கேட்டு முகம் சுளித்தனர். இத்தனை காலம் மற்றவர்கள் உண்ட பந்தியில் நம் முறை வந்ததும் இலையை எடுத்துவிடுகிறாரே என்பது அவர்கள் ஆதங்கம். புரிந்துகொள்ளக்கூடிய ஆதங்கம்தான். நகராட்சி ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் உரிமையை நிர்வாக ஆணை மூலம் தந்தார். 1985 இல் நகராட்சி ஒப்பந்தங்களில் 25 சதவீதம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கும் 5 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் என இலக்கு வைத்தார். அதே ஆண்டு மார்ச்சில், சேவை கேட்டு வருவோரின் குடியேற்ற நிலையை நகராட்சி ஊழியர்கள் விசாரிக்கக் கூடாது என்று ஆணையிட்டார்.

குடியிருப்புப் பகுதிகளுக்குப் பணம் கொண்டுவருவதில் மட்டும் மன்றத்தின் ஒப்புதல் தவிர்க்க முடியாததாக இருந்தது. சாலைகளையும் நடைபாதைகளையும் சீரமைக்கக் கடன்பத்திரங்கள் வெளியிடும் திட்டத்தை 29 பேர் அணி மறித்தபோது, அவர் நேராக அவர்களுடைய வார்டுகளுக்கே போய், உடைந்த நடைபாதைகளின் மேல் நின்று, உங்கள் தெருவுக்கு இத்தனை கிடைக்கும், உங்கள் உறுப்பினர்தான் தடுக்கிறார் என்று எடுத்துச் சொன்னார். அவருக்கு வாக்களிக்காத வெள்ளையர் பகுதிகளில் கூட நடைபாதை நடைபாதைதான். தந்தையின் வட்டத்தில் கற்ற பாடம் அது. திட்டம் இறுதியில் நிறைவேறியது.

முடிச்சை அவிழ்த்தது நீதிமன்றம். 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிகாகோவின் 30 லட்சம் மக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் கறுப்பினத்தவர், 14 சதவீதம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஆனால் பர்ன் காலத்தில் வரையப்பட்ட வார்டு எல்லைகள் இவ்விரு தரப்பின் வாக்குகளையும் திட்டமிட்டு நீர்த்துப்போகச் செய்தன என்று தொடரப்பட்ட வழக்கில் எல்லைகளைத் திருத்தவும், ஏழு வார்டுகளில் 1986 மார்ச்சில் மறுதேர்தல் நடத்தவும் உத்தரவானது. எல்லாம் 26 ஆவது வார்டில் வந்து நின்றது. போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர் நிறைந்த அந்த வார்டில் மேயரின் ஆதரவாளர் லூயிஸ் குட்டியரெஸ் முன்னணியில் இருந்தும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாததால், ஏப்ரல் 29 அன்று இரண்டாம் சுற்று நடந்தது. அவர் வென்றார், 15 ஆவது வார்டிலும் மேயர் தரப்பே வென்றது. மன்றம் 25 க்கு 25 என்றானது. சமநிலையை உடைக்கும் வாக்கு மேயருடையது. நிலுவையில் கிடந்த நியமனங்கள் வெளியே வந்தன, நிதிக்குழுவின் தலைமை பர்க்கிடமிருந்து டிமதி எவன்ஸுக்குப் போனது.

உண்மையில் மேயராக அவர் ஆண்டது அதன்பின் கிடைத்த ஒன்றரை ஆண்டுதான். எல்லாவற்றிலும் அவர் வெற்றி பெற்றார் என்று சொல்ல முடியாது. அரசுக் குடியிருப்புகளின் நிர்வாகம் அவர் காலத்திலும் சீர்குலைந்தே கிடந்தது. அங்கே குடியிருந்தவர்களே அவருக்கு மிகவும் உறுதியாக வாக்களித்தவர்கள் என்பதால் இந்தத் தோல்வி கூடுதலாகவே உறுத்துகிறது. 1987 இல் பர்னை உட்கட்சித் தேர்தலிலும், வேறு கட்சியின் சார்பில் நின்ற வ்ர்டோலியாக்கைப் பொதுத் தேர்தலிலும் தோற்கடித்து இரண்டாம் முறை மேயரானார். அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ஆசிரியர் வேலைநிறுத்தம் 19 பள்ளி நாட்கள் நீடித்தது. கொதித்தெழுந்த பெற்றோரை அழைத்து அவர் தொடங்கிவைத்த ஆலோசனைகள், பள்ளிதோறும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட நிர்வாகக் குழுவை அமைக்கும் 1988 மாநிலச் சட்டத்துக்கு வழிவகுத்தன. அந்தச் சட்டத்தை அவர் பார்க்கவில்லை. நவம்பர் 25, நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய நாள் காலையில், ஐந்தாவது மாடி அலுவலகத்தில் செய்தித் தொடர்பாளர் ஆல்டன் மில்லருடன் பள்ளி வாரியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மேசைமேல் சாய்ந்தார். மாரடைப்பு. வயது 65.

அவருடைய கூட்டணி அவருக்குப் பின் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதிய மேயரைத் தேர்ந்தெடுக்க டிசம்பர் 1 இரவு மன்றம் கூடியது. வாஷிங்டனின் பணியைத் தொடரக்கூடியவர் என்று அவருடைய ஆதரவாளர்கள் கருதிய எவன்ஸுக்கு எதிராக, அதே அணியைச் சேர்ந்த மற்றொரு கறுப்பின உறுப்பினரான யூஜின் சாயரைப் பழைய எதிரணியினர் முன்னிறுத்தினர். மன்றக் கட்டடத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் நின்று முழங்க, விடியற்காலை நான்கு மணியளவில் சாயர் 29 க்கு 19 என்ற கணக்கில் மேயரானார். 1989 சிறப்புத் தேர்தலில் கறுப்பின வாக்குகள் சாயருக்கும் எவன்ஸுக்கும் இடையே சிதற, ரிச்சர்ட் எம். டேலி வென்று 2011 வரை, தந்தையை விடச் சில மாதங்கள் அதிகமாகப் பதவியில் இருந்தார். தமக்கு அடுத்தவர் யார் என்பதை வாஷிங்டன் கடைசிவரை சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் மேயராக இருப்பேன் என்று பேசிவந்தவர், அதிக உடல் எடையோடும் இடைவிடாத உழைப்போடும் தம் இதயத்தை எந்நேரமும் சோதித்துக்கொண்டிருந்தார். அவரோடு நின்றவர்கள் இதற்காகப் பின்னர் மனம் நொந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் எழுத்தில் போட்டு வைத்தவை எளிதில் போகவில்லை. ஷாக்மன் வழக்கின் உடன்பாடு பிற்கால மேயர்களையும் கட்டுப்படுத்தியது. அதை மீறி வேலைகளை வழங்கியதற்காக இளைய டேலியின் அலுவலக அதிகாரிகள் 2006 இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். நகரின் மீதான நீதிமன்றக் கண்காணிப்பு 2014 இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1986 மறுதேர்தலில் மன்றத்துக்குள் வந்த குட்டியரெஸ் பின்னர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கால் நூற்றாண்டு பணியாற்றினார். அவரோடு வந்த ஹெசூஸ் கார்சியா 2015 இல் மேயர் தேர்தலை இரண்டாம் சுற்று வரை கொண்டுசென்றார். குடியேறியோரின் நிலையை விசாரிக்கக் கூடாது என்ற 1985 ஆணையை இளைய டேலி 1989 இல் புதுப்பித்தார். நகர மன்றம் அதை 2006 இல் சட்டமாக்கி 2012 இல் மேலும் விரிவாக்கியது. குடியேற்றம் தொடர்பாகச் சிகாகோவுக்கும் கூட்டாட்சி அரசுக்கும் இடையே நடக்கும் வழக்குகளில் இன்றும் அந்தச் சட்டமே நகரத் தரப்பின் ஆதாரமாக இருக்கிறது.